எண் போடாத தென்னை

பாறசாலை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நாலுவழிச் சாலை திடீரென்று நின்றுபோயிருந்தது. கறுப்புத் தார், வெள்ளைக் கோடு, ஓரத்து இரும்புத் தடுப்பு எல்லாம் ஒழுங்காக வந்து ஒரு செம்மண் மேட்டில் முட்டி நின்றன. மேட்டுக்கு அந்தப் பக்கம் மறுபடியும் தார் தொடங்கியது. இடையில் ஒரே ஒரு ஓட்டு வீடு.

சிபி காரை மேட்டுக்குக் கீழே நிறுத்தினான்.

"சர்க்கார் இத்தனை கோடி செலவழிச்சு ரோடு போட்டு, கடைசியில ஒரு வீட்டு முற்றத்துல கொண்டு விட்டிருக்கானுவ. விருந்துக்கு வந்தது போல உண்டு."

"எலே, வாயை மூடு," என்றாள் ஸ்ரீகலா. கண்ணால் பின்சீட்டைக் காட்டினாள்.

பின்சீட்டில் தாரா இருந்தாள். அது அவள் பிறந்த வீடு. பன்னிரண்டு வருஷமாக அதற்குள் அவள் நுழையவில்லை. யோசுவாவைக் கட்டிக்கொண்டு ஓசூருக்குப் போன அன்றைக்கு அப்பா தாணுலிங்கம் சொன்ன வார்த்தை, "இனி இந்த வாசலை மிதிக்கப்படாது." அவர் தாலுகா ஆபீசில் கிளார்க்காக இருந்தவர். எழுதியதை அழிக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

ஸ்ரீகலாவுக்கு நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு பேக்கரியின் மாடியில் ஆபீஸ். துப்பறியும் நிறுவனம் என்று போர்டு இருந்தது. வருகிற கேஸெல்லாம் மாப்பிள்ளை குடிப்பானா, பெண்ணுக்கு முன்னால் ஒரு காதல் உண்டா என்கிற ரகம். அவளுடைய உதவியாள் சிபி, முன்பு ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டிருந்தவன். நோயாளிகளிடம் ஜோக் அடித்ததற்காக வேலை போனது என்று அவனே சொல்லிக்கொள்வான்.

தாரா கொண்டுவந்த கேஸ் வேறு. பழைய பக்கத்து வீட்டுக்காரி ஆனந்தபாய் அவளுக்குப் போன் செய்திருந்தாள். நிலம் எடுப்பு விசாரணைக்குத் தாணுலிங்கம் என்று ஒருவர் வந்து கையெழுத்துப் போட்டாராம். "அது உங்க அப்பாவே இல்ல மோளே. நெஞ்சு வரைக்கும் தாடி. மெலிஞ்சு எலும்பா இருந்தாரு. என்னைப் பாத்துட்டு அறியாத ஆளு போலப் போனாரு." தாணுலிங்கம் தினமும் முகம் மழிக்கிறவர். தாடி வைத்தவனை வேலைக்காரனாகக்கூட வைத்துக்கொள்ள மாட்டார்.

தாரா ஓடி வந்தாள். அண்ணன் சிவராம் வெளியிலேயே மறித்துவிட்டான். "அப்பா நல்லா இருக்காரு. உன்னைப் பாக்க மாட்டாரு. போ." நாளைக் காலையில் வீட்டை இடிக்கிறார்கள். அதன்பிறகு சிவராம் பெங்களூர் போகிறான். எந்தத் தெரு, எந்த வீடு என்று அவளுக்குத் தெரியாது.

"எனக்கு அந்தக் காசுல ஒரு சல்லி வேண்டாம் அக்கா," என்றாள் தாரா. "அப்பா உயிரோட இருக்காரா இல்லையா, அது மட்டும் தெரியணும். இன்னைக்குள்ள."

"தாடி வச்சவன் கள்ளனாக்கும்," என்றான் சிபி. "ஆளை மாத்தி நிறுத்திக் கையெழுத்து வாங்கியிருக்கான் அண்ணன்காரன். ஆனா சேச்சி, பஞ்சாயத்துல நான் கேட்டுப் பாத்தேன். தாணுலிங்கம்னு ஒரு மரணமும் பதியல. செத்தவருக்கும் சாவு இல்ல, இருக்கியவருக்கும் முகம் இல்ல."

"அம்மா?" என்றாள் ஸ்ரீகலா.

"அம்மைக்கு ஒண்ணுமில்ல. ஞாயித்துக்கிழமை தோறும் மத்தியானம், அப்பா தூங்கியப்போ, ஒரு மிஸ்டு கால் தருவா. ஒரு ரிங். நான் எடுக்கப்படாது. எடுத்தா சத்தம் கேட்டு அப்பாவுக்குத் தெரிஞ்சிரும். நான் திருப்பி ஒரு ரிங் விடணும், அம்மை போனைச் சத்தமில்லாம வச்சிருப்பா. நான் நல்லா இருக்கேன், நீயும் நல்லா இருக்கே, அவ்வளவுதான். கல்யாணம் கழிஞ்சதுல இருந்து இது உண்டு."

"இந்தக் காலத்துல மிஸ்டு காலா? போன் கம்பெனிக்காரனே அதை மறந்து போனானே," என்றான் சிபி.

தாரா லேசாகச் சிரித்தாள். "இப்பம் கொஞ்ச நாளா ரெண்டு ரிங், மூணு ரிங் போவுது. கட் பண்ணக் கை நடுங்குது போல. வயசாச்சுல்லா." கைபேசியைப் பார்த்தாள். "இன்னைக்கு இன்னும் வரல."

"கடைசியா ஒண்ணு," என்றாள் ஸ்ரீகலா. "அப்பாவை எப்படி அடையாளம் பாக்கணும்? தாடிக்குள்ள ஆரு வேணும்னாலும் இருக்கலாம்."

"வலது காதுமடல் ரெண்டாப் பிளந்திருக்கும். பிறந்ததுல இருந்தே உண்டு."

"காதுல தாடி வளராது," என்றாள் ஸ்ரீகலா. "நீ வண்டியிலேயே இரு. உன்னைக் கண்டா உங்க அண்ணன் கதவைச் சாத்துவான்."

* * *

மேட்டின் ஓரத்தில் தகரக் கொள்கலன் ஒன்றை ஆபீஸாக்கியிருந்தார்கள். உள்ளே சாலை ஒப்பந்தக்காரரின் எஞ்சினியர் உண்ணி, ஒரு மேசை விசிறிக்கு முன்னால் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமையும் வேலை. மார்ச் மாதம்.

"நிங்கள் அந்த வீட்டு ஆளா?" என்றான்.

"இல்ல."

"அப்பம் ஸ்டூல்ல இரிக்கணும். வீட்டு ஆள்னா நான் பின்வாசல் வழியா ஓடியிருப்பேன்."

"இதுக்குப் பின்வாசல் இல்லையே," என்றான் சிபி.

"அதாக்கும் என்டெ பிரச்சினை."

தாடிக்காரரைப் பற்றி ஸ்ரீகலா கேட்டாள். உண்ணிக்கு அவரை நன்றாகத் தெரிந்திருந்தது. நிலம் எடுப்பை எதிர்த்து அவர் போட்ட கேஸ் கோர்ட்டில் தள்ளுபடியானதிலிருந்து தினமும் வருகிறாராம்.

"வீட்டை எடுத்துக்கோ, கிணறை எடுத்துக்கோ, தெற்கு மூலையை மட்டும் விட்டுடுன்னு சொல்லும். ரோட்டைக் கொஞ்சம் வளைக்க முடியுமான்னு கேக்கும்."

"எவ்வளவு வளைக்கணுமாம்?"

"அதுதான் தமாஷ் மேடம். ஒரு பாய் விரிக்கிற இடம் போதும்னு சொல்லும். ஒரு பாய்! நான் எந்து செய்யும்? படம் வரைஞ்சது டெல்லியில. இங்க ஒரு கல்லை நான் நகர்த்தினா அவங்க என்னை நகர்த்தும்."

"ஒரு வாரம் தள்ளிப் போட முடியாதா?"

உண்ணி சுவரில் இருந்த காலண்டரைக் காட்டினான். "இந்த வருஷத்துக் காசை இந்த மாசத்துக்குள்ள செலவழிக்கணும். இல்லைன்னா திரும்பிப் போகும். போனா எப்போ வரும்னு தெய்வத்துக்கும் அறியாது. நாளை காலை மண்ணை வெட்டியே தீரணும். எனக்கே சம்பளம் வந்து மூணு மாசமாச்சு."

சாலைக்கு அளந்து எல்லைக்கல் நட்டது தாரா பள்ளிக்கூடம் போன காலத்தில். அப்போது காசு வரவில்லை. கல் நட்ட நிலத்தை யாரும் வாங்கவில்லை, பாங்க் அதன்மேல் கடன் கொடுக்கவில்லை, வீட்டுக்காரர்கள் சுண்ணாம்புகூட அடிக்கவில்லை. பிறகு ஒருநாள் காசு வந்தது. வந்த வேகத்தில் வரிசையாக வீடுகள் போயின. ஆனந்தபாய் அதியன்னூருக்குப் போனாள். மற்றவர்கள் பூவாருக்கும் அம்பூரிக்கும் களியக்காவிளைக்கும் சிதறினார்கள். டீக்கடை, தையல்கடை, ரேஷன்கடை எதுவும் இப்போது இல்லை. விசாரிக்க ஒரு வாய் இல்லாத ஊரில் துப்பறிவது ஸ்ரீகலாவுக்கு இதுவே முதல் தடவை.

வெளியே வந்ததும் சிபி கேட்டான். "ஒரு பாய் அளவு இடத்துல என்னத்தை வச்சிருக்கான்? தங்கமா?"

"தங்கம்னா அவனே தோண்டி எடுத்திருப்பான். தோண்டப்படாதுன்னு கெஞ்சியவன் தங்கத்துக்குக் கெஞ்ச மாட்டான்."

சிபி ஒரு கணம் நின்றான். "பாயில படுக்கிய அளவு."

"ஆமா."

* * *

மதில் இடிக்கப்பட்டிருந்ததால் வளாகத்துக்குள் போக யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. வீட்டின் கதவு சாத்தியிருந்தது. துணிக்கொடியில் மூன்று வேட்டிகளும் இரண்டு சட்டைகளும் காய்ந்துகொண்டிருந்தன.

"பொம்பளைத் துணி ஒண்ணும் காணோமே," என்றான் சிபி. "அம்மையை உள்ளேயே பூட்டி வச்சிருக்கானா?"

"இருக்கலாம்." ஸ்ரீகலா மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒவ்வொரு மரத்திலும் வெள்ளைப் பெயிண்டில் ஒரு எண் இருந்தது. நிலம் எடுக்கும்போது மரங்களுக்கும் விலை போடுவார்கள். அதற்கு எண்ணிக்கை எடுத்தவர்கள் எழுதியது. எண் விழுந்த நாளிலிருந்து மரம் சர்க்காருடையது. பலா, ஆஞ்சிலி, தென்னைகள், புளி என்று எண்கள் வரிசையாகப் போயின. கிணற்றடிக்குப் பக்கத்தில் வரிசை ஒரு எண்ணைத் தாண்டிக் குதித்தது.

அந்த இடத்தில் ஓர் அடிக்கட்டை இருந்தது. வெட்டு கறுத்துப்போய், ஓரத்தில் துளிர் விட்டிருந்தது. ஸ்ரீகலா துளிரைக் கிள்ளி முகர்ந்தாள்.

"மாமரம். எண் போட்ட பிறகு வெட்டியிருக்கு."

"மரத்தைத் திருடி வித்துட்டான். சர்க்கார் மரமாக்கும், கேஸ் உண்டு."

"எலே, அங்க பாரு. ஆஞ்சிலி நிக்குது, நிலைக்கும் கதவுக்கும் எடுக்கிய மரம். ரெண்டு ஆள் கட்டிப் பிடிக்கணும். நீ திருடனா இருந்தா ஆஞ்சிலியை விட்டுட்டு மாமரத்தை வெட்டுவியா?"

"நான் திருடனா இருந்தா இந்நேரம் உங்ககிட்ட வேலைக்கு இருக்க மாட்டேன்."

"மாமரத்துக்குச் சந்தையில விலை கிடையாது. பின்னால கேஸ் சிலிண்டர் இருக்கு, விறகும் வேண்டாம். தாலுகா ஆபீஸ்ல வேலை பாத்த ஆளு, எண் போட்ட மரத்தைத் தொட்டா என்ன ஆவும்னு அவருக்குத் தெரியும். பின்னே ஏன் வெட்டணும்?"

சிபி குனிந்து அடிக்கட்டையைத் தட்டிப் பார்த்தான்.

ஸ்ரீகலா தெற்குப் பக்கம் நடந்தாள். வளாகத்தின் மூலையில், எல்லா மரங்களையும் விட்டு விலகி, ஒரு தென்னம்பிள்ளை நின்றது. இடுப்பு உயரம்தான். சுற்றிலும் சின்னக் கற்கள் வட்டமாக வைக்கப்பட்டிருந்தன. மார்ச் வெயிலில் ஊரே வெடித்துக் கிடந்தபோது அதன் அடிமண் ஈரமாக இருந்தது.

"இதுக்கு எண் இல்ல," என்றாள்.

"அது எல்லாரும் செய்யியதுதானே சேச்சி. நஷ்டஈடு கூடக் கிடைக்கும்னு மரம் எண்ண வாறதுக்கு முந்தின வாரம் தென்னையும் வாழையுமா நட்டுத் தள்ளினானுவ. எங்க சித்தப்பா கக்கூஸ் பின்னால ஜாதிக்காய் நட்டாரு."

"அவங்க எல்லாம் எண்ணுறதுக்கு முன்னால நட்டாங்க. இது எண்ணி முடிஞ்ச பிறகு. அதுவும் ஒண்ணே ஒண்ணு. ரோடு வரப் போற இடம்னு தெரிஞ்சே நட்டிருக்கான்." அவள் குரல் தாழ்ந்தது. "உங்க சபையில ஆளு செத்தா என்ன செய்வீங்க?"

"பெட்டி. பாட்டு. அப்புறம் டீயும் பன்னும்."

"எங்க ஆளுவளுக்குக் கல்லறை கிடையாது. வீட்டு மாமரத்தை வெட்டி, தெற்குப் பக்கத்துல வச்சு எரிப்போம். எலும்பு பொறுக்கின இடத்துல ஒரு தென்னம்பிள்ளை நடுவோம். இப்பம் எல்லாரும் மின்மயானத்துக்குப் போறாங்க. பழைய ஆளுவ சில பேர் இன்னும் இப்படித்தான்."

சிபி தென்னம்பிள்ளையிலிருந்து இரண்டு எட்டு பின்னால் போனான். மேட்டுக்குக் கீழே நின்ற காரைத் திரும்பிப் பார்த்தான். தாரா கண்ணாடியை இறக்கிவிட்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பம் அவ அப்பா…"

"எல்லாம் பொருந்துது. கிழவர் செத்தாரு. வெளியில சொன்னா மகளும் வாரிசா வருவா, அவ கையெழுத்தும் வேணும். எரிச்சு மறைச்சுட்டு, தாடி வச்ச ஒருத்தனைக் கொண்டு நிறுத்திட்டான். இப்பம் மெஷின் வந்து தோண்டினா எலும்பு, கரி ஏதாவது மேல வரும். அதான் பாய் அளவு இடத்துக்குக் கெஞ்சல்."

"அக்கம்பக்கத்துல ஒருத்தருக்கும் தெரியாமலா?"

"அக்கம்பக்கம் எங்கலே இருக்கு?"

அவன் சுற்றிலும் பார்த்தான். இருபுறமும் செம்மண். ஒரு சாவுக்கு ஓடிவர ஒரு கதவும் அங்கே மிச்சமில்லை.

"ஆருங்க நீங்க?" என்று பின்னால் குரல் கேட்டது.

சிவராம். ஐம்பதை நெருங்குகிற வயது. கையில் பொதி கட்டுகிற டேப் சுருள். ஸ்ரீகலா சுற்றி வளைக்கவில்லை.

"உங்க அப்பா எப்பம் செத்தாரு?"

சிவராம் அவளையே பார்த்தான். அவன் முகத்தில் பயத்தைத்தான் அவள் எதிர்பார்த்தாள். அது வரவில்லை. "அப்பாவா? ஆரு சொன்னா?"

"மாமரம் சொல்லிச்சு. தென்னம்பிள்ளையும் சொல்லிச்சு. இனி நீங்க சொல்லணும்."

சிவராம் டேப்பைக் கீழே வைத்தான். வெகுநேரம் தூக்கிக்கொண்டு நின்ற ஒன்றை இறக்குகிறவன் மாதிரி இருந்தது. "தாரா அனுப்பினாளா?" என்று மட்டும் கேட்டான். பிறகு, "உள்ள வாங்க."

ஸ்ரீகலா சிபியைப் பார்த்தாள். "நீ வண்டிக்குப் போ. அவ பக்கத்துல நில்லு. ஒண்ணும் சொல்லாதே."

"ஜோக்?"

"அதுவும் வேண்டாம்."

* * *

கூடத்தில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஜன்னலோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தாடிக்காரர் இருந்தார். நரைத்து நெஞ்சு வரை தொங்கிய தாடி. மடியில் ஒரு துணிப்பை, பூப்போட்ட பழைய சேலைத் துண்டில் கையால் தைத்தது.

ஸ்ரீகலா நேராக அவருடைய வலப்பக்கம் போனாள். தலைமுடியை விலக்க வேண்டியிருக்கவில்லை. காதுமடல் இரண்டாகப் பிளந்திருந்தது. பிறவிப் பிளவு. எந்த வேஷக்காரனாலும் அதைச் செய்துகொள்ள முடியாது.

"நீங்க தாணுலிங்கம்," என்றாள்.

"வேற ஆரு?" என்றார் அவர்.

ஸ்ரீகலாவின் பதினைந்து வருஷத் தொழிலில் இப்படி ஒரு சுவரில் முட்டியதில்லை. கையெழுத்துப் போட்டவர் உண்மையான ஆள். ஆள்மாறாட்டம் இல்லை, திருட்டு இல்லை. ஆனால் மாமரம் வெட்டப்பட்டது நிஜம். தென்னம்பிள்ளை நிஜம். அந்த மூலையில் யாரோ எரிந்திருக்கிறார்கள்.

ஜன்னல் வழியாகத் துணிக்கொடி தெரிந்தது. மூன்று வேட்டி, இரண்டு சட்டை.

பஞ்சாயத்தில் அவர்கள் ஒரே ஒரு பெயரைத்தான் கேட்டிருந்தார்கள்.

"சொர்ணம்மாள்," என்றாள் ஸ்ரீகலா. தாராவின் அம்மாவின் பெயர் அது.

சிவராம் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினான். "போன கர்க்கடக மழையில, ஆடி மாசம். எலிக்காய்ச்சல். ரெண்டே நாள்ல போயிட்டா. ஆஸ்பத்திரியில கிடந்து தாராவைக் கேட்டா. நான் கூப்பிடுறேன்னு சொன்னேன்."

"நான் வேண்டாம்னேன்," என்றார் தாணுலிங்கம். குரலில் ஒரு மன்னிப்பும் கேட்கப்படவில்லை. "காலையில பாத்துக்கிடலாம்னு சொன்னேன். காலையில அவ இல்ல. அதுக்குப் பிறகு எந்த மூஞ்சியை வச்சுச் சொல்ல?"

"தகனத்துக்கும் அவளைக் கூப்பிடலியா?"

"மழை," என்றான் சிவராம். "பக்கத்துல ஆளு இல்ல. பாக்கி உறவுக்காரங்க பத்துப் பேர் வந்தாங்க, எரிச்சோம், போனாங்க. அவங்களுக்கும் தாராவுக்கும் பேச்சு கிடையாது. மெதுவாச் சொல்லிக்கிடலாம்னு இருந்தோம்."

"பதிவு?"

"எல்லாம் முறைப்படி," என்றார் முன்னாள் கிளார்க்.

ஸ்ரீகலா உட்கார்ந்தாள். ஏழெட்டு மாதம். மழிக்காத அந்தத் தாடிக்கும் அதே வயது. அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் ஓசூரில் ஒரு போன் அடித்திருக்கிறது. நான் நல்லா இருக்கேன், நீயும் நல்லா இருக்கே.

"பின்னே ஞாயித்துக்கிழமை கூப்பிடியது…"

தாணுலிங்கம் துணிப்பையைத் திறந்தார். உள்ளே ஒரு சின்ன பட்டன் போன். எண்கள் தேய்ந்து போயிருந்தன. "பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு அவ பெட்டியைப் பாத்தப்போ இது கிடந்தது. எனக்குத் தெரியாம வச்சிருந்திருக்கா. இவ்வளவு வருஷமும். அன்னைக்கு ஞாயித்துக்கிழமை. பாத்தா ஒரே நம்பர்தான், எல்லாம் ஞாயித்துக்கிழமை. நிறுத்தினா தாராவுக்குத் தெரிஞ்சிரும். அதனால நானே விட்டேன். ஒரு ரிங். உடனே திருப்பி ஒரு ரிங் வந்தது. என் கையில கிடந்து துடிச்சது."

"அதுக்குப் பிறகு?"

"சொல்லிரணும்னு தோணிச்சு. ரெண்டு ரிங் விட்டேன், எடுக்கல. மூணு விட்டேன். எடுத்தா சொல்லியிருப்பேன் மக்கா. அவ எடுக்கவே மாட்டேங்கா." அவர் நிமிர்ந்தார். "என் மேல உள்ள கோபத்துலயாக்கும்."

எடுக்கக் கூடாது என்பது சட்டம். தாயும் மகளும் போட்ட சட்டம், இவருக்குப் பயந்து போட்டது. அதை இவருக்குச் சொல்ல ஆள் இல்லை. இவர் மூன்றாவது ரிங்கில் காத்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பக்கம் தாரா அம்மாவின் கைநடுக்கத்துக்காகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

தாணுலிங்கம் ஜன்னல் வெயிலைப் பார்த்தார். அதில் அவருக்கு நேரம் தெரிந்தது போல. தேய்ந்த பட்டனை அழுத்திப் போனைக் காதில் வைத்தார். பிளந்த காது.

ஸ்ரீகலா எழுந்து வாசலுக்கு ஓடினாள்.

மேட்டுக்குக் கீழே காரின் கதவு திறந்திருந்தது. தாரா கைபேசியை உயர்த்திச் சிபியிடம் காட்டினாள். அவள் முகம் மலர்ந்திருந்தது. சொன்னது கேட்கவில்லை. ஆனால் என்ன சொல்லியிருப்பாள் என்று தெரிந்தது. பாத்தியா, அம்மை.

முதல் ரிங். இரண்டாவது.

நடுவில் மதில் இல்லை, மரம் இல்லை, வீடு இல்லை. குரல் போக ஒரு தடையும் இல்லை.

"எலே சிபி! எடுக்கச் சொல்லு! போனை எடுக்கச் சொல்லு!"

சிபிக்குப் புரியவில்லை. ஆனால் சொன்னதைச் செய்தான். தாரா தலையாட்டி மறுத்தாள். சிபி ஏதோ சொன்னான். அவள் மேட்டைப் பார்த்தாள். வாசலில் நின்ற ஸ்ரீகலாவைப் பார்த்தாள். அவள் கை மெதுவாகக் காதுக்குப் போனது.

கூடத்துக்குள் அந்தச் சின்னப் போனிலிருந்து குரல் தெளிவாக வந்தது.

"அம்மை?"

தாணுலிங்கம் போனைக் காதிலிருந்து எடுத்து அதையே பார்த்தார்.

"அம்மை, என்னத்துக்கு இவ்வளவு நேரம் விட்டே? அப்பா இருக்காரா பக்கத்துல? அம்மை?"

கிழவர் போனை ஸ்ரீகலாவை நோக்கி நீட்டினார். அவள் வாங்கவில்லை. சிவராமிடம் நீட்டினார். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மறுபடியும் காதில் வைத்தார்.

"நான்தான் மக்கா," என்றார்.

அவள் கேட்ட கேள்விக்கு அதுவே பதில். அப்பா உயிரோடு இருக்கிறார். அம்மாவின் போனில் பேசுகிறார். இதற்கு மேல் அவளுக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மேட்டில் அவள் ஏறி வருவது தெரிந்தது. ஒரு செருப்பு மண்ணில் சிக்கிக் கழன்றது. அதை விட்டுவிட்டு வந்தாள். மிதிக்கக் கூடாத வாசலுக்கு அவள் வரவேயில்லை. சிவராம் வெளியே போய்த் தெற்கு மூலையைக் கையால் காட்டினான். அவள் அங்கே போய் நின்றாள். கிழவர் எழுந்து, கதவைப் பிடித்து, முற்றத்தைத் தாண்டி, அவளுக்குக் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார். இருவருக்கும் நடுவில் அந்தத் தென்னம்பிள்ளை. யாரும் யாரையும் தொடவில்லை.

நெடுநேரம் கழித்துத் தாரா ஸ்ரீகலாவிடம் வந்தாள்.

"அக்கா, நாளைக்கு அந்த மெஷினை நிறுத்த முடியுமா?"

"முடியாது."

"ஒரு நாள்?"

"எஞ்சினியர்கிட்ட கேட்டாச்சு. அவன் கையில ஒண்ணும் இல்ல."

"பறிச்சு எடுத்துட்டுப் போலாமா?"

"எங்க வைப்பே?"

ஓசூரில் அவளுக்கு மூன்றாவது மாடி. பெங்களூரில் அண்ணனுக்கும் அப்படித்தான் இருக்கும். சிவராம் ஒரு வாளியில் தண்ணீர் கொண்டுவந்தான். அவள் அதை வாங்கித் தென்னையின் அடியில் ஊற்றினாள்.

சிபி மேட்டில் ஏறி வந்து ஸ்ரீகலாவின் பக்கத்தில் நின்றான். அவன் கையில் தாராவின் ஒற்றைச் செருப்பு இருந்தது.

"கேஸ் முடிஞ்சுதா சேச்சி?"

"முடிஞ்சுது."

"ஆரைப் பிடிக்கணும்?"

அவள் பதில் சொல்வதற்குள் தார்ச்சாலைப் பக்கமிருந்து ஹாரன் சத்தம் கேட்டது. நீளமான டிரெய்லர் ஒன்று மண் தோண்டும் மெஷினை முதுகில் சுமந்து வந்து நின்றிருந்தது. நாளைக் காலை வேலைக்கு இன்றைக்கே கொண்டுவந்துவிட்டார்கள். டிரைவர் தலையை வெளியே நீட்டி, காரைக் காட்டி ஏதோ கத்தினான். வடக்கத்திக்காரன். அவனுக்கு இந்த வீட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது.

"வண்டி வழியில நிக்குதாம்," என்றான் சிபி. "எடுக்கச் சொல்லியான்."

ஸ்ரீகலா தெற்கு மூலையை ஒரு தடவை பார்த்தாள்.

"எடு," என்றாள்.

சிபி செருப்பை வாசலில் வைத்துவிட்டு, இறங்கிப் போய், காரை ஓரமாக எடுத்து நிறுத்தினான்.